காலையில மட்டும் பாரமாகுற சைக்கிள்

எங்கப்பா சைக்கிளப் பத்தி ஒண்ணு சொல்வாரு. "வண்டி பாரமா இருக்கா? மொதல்ல காத்தப் பாரு. காத்து இருந்தா செயினப் பாரு. செயினும் சரியா இருந்தா..." அதுக்கப்புறம் ஒண்ணு உண்டு. ராகமா இழுத்துச் சொல்வாரு. ராகம் ஞாபகம் இருக்கு, வார்த்தை போயிருச்சு.

"என்ன பெரியப்பா அது?"

வரமாட்டேங்குது தேனு. நீ தலகாணிய நேரா வச்சுக்கோ. கதை சொல்றேன். ஆனா 'ம்' கொட்டணும். கொட்டலேன்னா கதை எங்க நிக்குதோ அங்கயே நின்னுரும்.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு மில்லு. பஞ்ச நூலாக்குற மில்லு. மில்லுக்கு ஒரு சங்கு. கையில வச்சு ஊதுற சங்கு இல்ல, கூரை மேல கொழா வச்சு மிஷினு ஊதுற சங்கு. விடிஞ்சதும் 'பூஉஉஉம்'னு மொத சங்கு ஊதும். ஊரே எந்திரிச்சு ஓடும். அப்புறம் கொஞ்ச நேரங்கழிச்சு 'பூஉஉஉம்'னு ரெண்டாவது சங்கு. அதுக்குள்ள உள்ள போயிப் பலகையில டோக்கன மாட்டிரணும். மாட்டலேன்னா அன்னைக்கு வேல கெடையாது.

"டோக்கன்னா?"

பித்தளையில வட்டமா, நம்பர் வெட்டி இருக்கும். ஆளுக்கு ஒண்ணு. டோக்கன் பலகையில தொங்குச்சுன்னா ஆளு உள்ள. தொங்கலேன்னா ஆளு வெளிய.

அந்த மில்லுல ஒரு குருவையா. நெரந்தர ஆளு. ரிங் பிரேம்னு ஒரு மிஷின் இருக்கும், ரயில் பெட்டி மாதிரி நீளமா. அதுல கதிர் கதிரா நூல் சுத்தும். அறுந்த நூல ஓடிப் போயி ஒட்டுறதுதான் குருவையா வேல. ஒட்டுனா ஒட்டுன எடம் தெரியாது. அம்புட்டு சுத்தம்.

அவனுக்கு ஒரு பொண்டாட்டி, சீனியம்மா. புள்ள குட்டி இல்ல. அப்புறம் ஒரு சைக்கிள். அது கறுப்பு. பெரிய சைக்கிள், கம்பிப் பிரேக், பின்னாடி அகலமா கேரியரு. அந்த கேரியர்ல ஒரு மச்சினன்.

"கேரியர்லயா இருந்தான்?"

காலையிலயும் சாயங்காலமும் அங்கதான இருந்தான். பவுன்ராசுனு பேரு, சீனியம்மாவோட தம்பி. எந்த வேலயிலயும் ஒரு மாசம் நிக்க மாட்டான். பட்டாசுக் கம்பெனிக்குப் போனான், கந்தக நாத்தம்னு வந்துட்டான். ஓட்டல்ல சேந்தான், மொதலாளி ஏட்டிக்குப் போட்டியாப் பேசுறாருன்னு வந்துட்டான். அப்போ குருவையாதான் மேஸ்திரி கால்ல விழாத கொறையா நின்னு, மச்சினன மில்லுல பதிலியாச் சேத்துவிட்டான்.

"பதிலின்னா?"

நெரந்தர ஆளு எவனாவது வரலேன்னா, அன்னைக்கு மட்டும் அவன் எடத்துல நிக்கிற ஆளு. பதிலிங்கல்லாம் காலைல கேட்டுக்கு உள்பக்கம் சொவத்த ஒட்டி வரிசையா நிப்பாங்க. ரெண்டாவது சங்கு ஊதுனதும் மேஸ்திரி பலகையப் பாப்பாரு. எந்த ஆணியில டோக்கன் இல்லையோ அந்த மிஷினு பேரச் சொல்லி, "ஒரு ஆள் வா"ம்பாரு. அந்த மிஷின் தெரிஞ்ச பதிலி ஓடுவான். மத்தவன் வீட்டுக்கு நடப்பான். மறுநாளும் வந்து நிப்பான்.

"ம்."

பவுன்ராசுக்கு எந்த மிஷின் தெரியும்? ரிங் பிரேம். யாரு சொல்லிக் குடுத்தா? அத்தான்தான். ஞாயித்துக்கெழம வீட்டுல கயித்துக்கட்டில் காலுல நூலக் கட்டி, அறுத்து அறுத்துக் காட்டி, ஒட்டச் சொல்லிக் குடுத்தான். பையனுக்கு வெரலு நல்ல வெரலு. சீக்கிரம் புடிச்சுக்கிட்டான்.

அப்புறம் ஒரு நாள் காலைல, குருவையா சைக்கிள மிதிக்கிறான், மிதிக்கிறான், வண்டி நகர மாட்டேங்குது. மணல்ல ஓட்டுன மாதிரி இருக்கு. ஹுப்... ஹுப்... ஹுப்...

பின்னாடிருந்து பவுன்ராசு சொல்றான். "அத்தான், பின்னாடி மாட்டு வண்டி வருது. ஒதுங்கி வழி விடுங்க. மாடு கோவிச்சுக்கப் போவுது."

"போடா மாப்ள. எறங்கித் தள்ளுறியா?"

"தள்ளிருவேன். அப்புறம் மில்லுல கேப்பாங்க, உங்க அத்தானுக்குக் கல்யாணச் சீரா சைக்கிள் வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல தள்ளுவண்டி வாங்கிக் குடுத்தீங்களான்னு."

ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே போனாங்க. மச்சினன் வாய் ஓயாது. அவன் பின்னாடி இருந்தா வழி போறதே தெரியாது.

சாயங்காலம் அதே சைக்கிள், அதே ரெண்டு பேரு. வண்டி 'சர்ர்ர்'னு வந்துச்சு. குருவையா நெனச்சான், காலைல எதிர்காத்து போல. அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி, காத்தாடி நட்டு வச்சுக் கரண்டு எடுக்கிற ஊரு. சரின்னு விட்டுட்டான்.

மறுநாளும் காலைல பாரம். அதுக்கு மறுநாளும். அப்போ குருவையா பம்ப எடுத்தான். கால் ரெண்டையும் அகட்டி வச்சுக்கிட்டு, உஸ்ஸ்... உஸ்ஸ்... உஸ்ஸ்... டயரு கல்லு மாதிரி ஆச்சு. கட்டை வெரலால அமுக்குனா அமுங்கல. வால்வு டியூப மாத்துனான். எச்சியத் தொட்டு வச்சுப் பாத்தான், கொப்புளம் வரல. காத்து அவ்வளவும் உள்ளதான் இருக்கு.

காலைல மிதிச்சான். ஹுப்... ஹுப்... ஹுப்...

மில்லுக் கேட்டு வந்துச்சு. பவுன்ராசு 'டொப்'னு குதிச்சு உள்ள போயிப் பதிலி வரிசையில நின்னுட்டான். குருவையா சைக்கிளக் கொண்டுபோயி ஸ்டாண்டுல விடணும்ல? ஸ்டாண்டு எங்க இருக்கு? கேட்டுலருந்து சுத்தி, கேன்டீனத் தாண்டி, மில்லுக்குப் பின்னாடி. அங்க விட்டுப் பூட்டிட்டு ஓடி வாரான், பாதி வழியில 'பூஉஉஉம்'.

பலகைக்கு முன்னாடி மேஸ்திரி கைய நீட்டி நிக்கிறாரு. "குருவையா, சங்கு ஊதிருச்சுப்பா."

"ஐயா, இந்தா நிக்கிறேனே."

"நிக்கிற எடம் வெளிய. ரிங் பிரேம், ஒரு ஆள் வா."

யாரு வந்தா?

"மச்சினன்."

ம். பவுன்ராசு அத்தான் மொகத்தப் பாக்காம உள்ள போனான். சாயங்காலம் வந்து சொன்னான், "என்ன அத்தான் பண்றது? நான் போகலேன்னா வேற எவனாவது போயிருப்பான். நம்ம மிஷின அவன் தொடணுமா?" அதுவும் நியாயமாத்தான் இருந்துச்சு. குருவையா தலையாட்டுனான்.

அந்த மில்லுல ஒரு சட்டம். மூணு தடவ சங்குக்குப் பிந்துனா, பேர நெரந்தரத்துலருந்து எடுத்துப் பதிலியில போட்டுருவாங்க. அந்த எடத்துக்கு, அந்த மிஷின்ல நின்ன பதிலியக் கொண்டாந்துருவாங்க. குருவையாவுக்கு ஒண்ணு போச்சு. மிச்சம் ரெண்டு.

"சீக்கிரம் கெளம்ப வேண்டியதுதான?"

கெளம்புனான் தேனு. மொத சங்குக்கு முந்தியே கெளம்புனான். என்ன விந்தைன்னா, சீக்கிரம் கெளம்புற அன்னைக்கு வண்டி இன்னும் பாரம். லேட்டாக் கெளம்புற அன்னைக்குக் கொஞ்சம் லேசு. எப்பக் கெளம்புனாலும் கேட்டுக்கு வந்து சேருற நேரம் ஒண்ணுதான். சங்குக்குக் கொஞ்சம் முன்ன. மச்சினன் குதிக்கிறதுக்கு நேரம் இருக்கும். அத்தான் ஸ்டாண்டுக்குப் போயிட்டு ஓடி வாறதுக்கு உசுரு போகும்.

அப்புறம் குருவையா சைக்கிள அருளானந்தம் கடைக்குக் கொண்டுபோனான். அருளானந்தம் வண்டியத் தலகீழாப் போட்டுப் பெடலக் கையால சுத்துனாரு. பின்சக்கரம் 'விர்ர்ர்'னு சுத்துது, நிக்கவே இல்ல. 

"இதுலயா பாரங்கிற? இதுல ஏறி ஒக்காந்தா மெட்ராஸ் போயிரும்பா."

"காலைல பாருங்கண்ணே, இழுக்கவே மாட்டேங்குது."

அவரு அங்க இங்க பாத்தாரு. "பின் பிரேக் கட்டை ரெண்டும் தேஞ்சு போயிருக்கே. ரொம்பப் பிரேக் புடிப்பியோ?"

"எனக்கு எங்கண்ணே பிரேக் புடிக்க நேரம் இருக்கு?"

"அப்ப கட்டை மட்டம். ரப்பர்லாம் இப்பக் கலப்படம்." புதுக் கட்டை போட்டுக் குடுத்தாரு. "செயினயும் அச்சுக்குள்ள இருக்கிற இரும்புக் குண்டையும் பாத்துரு, நூல் மில்லுக்குப் போற வண்டி, பஞ்சு அடச்சிருக்கும்"னாரு.

அவரு சொன்னதுல தப்பில்ல. மில்லுக்காரங்க வண்டி எல்லாத்துலயும் பஞ்சு பறந்து வந்து எண்ணெயில ஒட்டிக்கிரும். குருவையா அன்னைக்குப் பொழுது சாய வீட்டு முன்னால சாக்க விரிச்சு ஒக்காந்தான். செயினக் கழட்டி மண்ணெண்ணெயில ஊறப்போட்டான். சக்கரத்தக் கழட்டி, அச்சக் கழட்டி, குண்டு ஒவ்வொண்ணா எடுத்துத் தட்டுல போட்டான். டிங்... டிங்... டிங்... இருட்டிருச்சு. கரண்டும் இல்ல. சீனியம்மா பக்கத்துல ஒக்காந்து அரிக்கேன் வெளக்கத் தூக்கிப் புடிச்சுக்கிட்டா. கை வலிச்சா மாத்தி மாத்திப் புடிச்சா.

"இன்னும் கொஞ்சம் கீழ காட்டு."

காட்டுனா.

"பஞ்சு பாரு சீனி, எம்புட்டு. இதுதான். இதுதான் இழுத்திருக்கு."

"ம்"னா.

இப்ப நீ 'ம்'கிறேல்ல, அதே மாதிரி. 

பவுன்ராசு கட்டில்ல மல்லாக்கப் படுத்துக்கிட்டு, "அத்தான், ஒரு குண்டு மிச்சம் வந்துருச்சுன்னா சொல்லுங்க, கோலி வெளாட எடுத்துக்கிறேன்"னான். குருவையா சிரிச்சான். சீனியம்மா சிரிக்கல. வெளக்கு கொஞ்சம் ஆடுச்சு.

குண்டெல்லாம் தொடச்சு, கிரீசு அப்பி, மாட்டி முடிச்சான். சக்கரத்த ஒரு தட்டு தட்டுனான். 'விர்ர்ர்ர்'. அப்பாடான்னு கை கழுவுனான்.

மறுநாள் காலைல மிதிச்சான். ஹுப்... ஹுப்... ஹுப்...

என்ன தேனு, சத்தத்தக் காணோம்?

"ம். லேட்டாயிருச்சா?"

லேட்டாயிருச்சு. மேஸ்திரி ரெண்டு வெரலக் காட்டுனாரு. "ரிங் பிரேம், ஒரு ஆள் வா." பவுன்ராசு போனான். குருவையா வெளிய மதிலோரமா நின்னான். உள்ள மிஷின் ஓடுது, 'உய்ங்ங்ங்'னு. அத்தன மிஷின் ஓடுது, ஆனா அவன் மிஷின் சத்தம் அவனுக்குத் தனியாத் தெரியும். நடுவுல ஒரு பல்லு கொஞ்சம் தட்டும். தட்டுச்சு. நல்லாத்தான் ஓடுச்சு. நூல் அறுந்து நின்ன மாதிரித் தெரியல.

வீட்டுக்கு வந்து ஒக்காந்தான். சீனியம்மா தண்ணி குடுத்தா.

"காத்து பாத்தாச்சு, செயினு பாத்தாச்சு, குண்டு பாத்தாச்சு. வேற என்னதான் இருக்கு?"

அவ அவன் மொகத்தையே பாத்தா. அப்புறம் சொன்னா, "வண்டியவே பாக்கிறீங்க. மிதிக்கிறவரு மேல ஒண்ணும் இருக்காதா? வயசாகுதுல்ல?"

அவனுக்குச் சுருக்குனுச்சு. கால நீட்டிப் பாத்தான். கெண்டைக்கால அமுக்கிப் பாத்தான். இருக்கும்னு தோணுச்சு. இத்தன வருசம் நின்னுக்கிட்டே வேல பாத்த காலு.

அன்னைலருந்து சீனியம்மா உளுந்தங்களி கிண்டுனா. கருப்பட்டி போட்டு, நல்லெண்ணெய்யக் குழி நெறைய ஊத்தி. முட்டை அவிச்சுக் குடுத்தா. அவ பங்கு முட்டையும் அவன் தட்டுல விழுந்துச்சு. ராத்திரிக்குக் காலுக்கு எண்ணெய் தேச்சுவிட்டா. "நல்லாத் தின்னுங்க"னா. "எளச்சுட்டீங்க"னா. கல்யாணமான புதுசுல கூட அவ அப்பிடிப் பாத்துக்கிட்டதில்ல. குருவையாவுக்கு வெக்கமா இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு.

அப்புறம் ஒரு ஞாயித்துக்கெழம. சந்தைக்குப் போகணும். பவுன்ராசு ஊர்சுத்தப் போயிட்டான். குருவையா, "ஏறு சீனி"னான். 

"ஐயே, நான் ஏறுனா வண்டி படுத்துரும்."

சீனியம்மா நல்ல தாட்டியமான பொம்பள. தம்பிக்காரன் முருங்கக்கா மாதிரி இருப்பான். ஏறி ஒக்காந்தா. குருவையா பல்லக் கடிச்சுக்கிட்டு ஒரு மிதி மிதிச்சான்.

'சர்ர்ர்'னு போச்சு தேனு. பாலத்து மேட்டுல கூட எந்திரிச்சு மிதிக்கல. ஒக்காந்தபடி ஏத்திட்டான். எதிர்காத்துல வேட்டி படபடன்னு அடிக்குது, வண்டி பாட்டுக்குப் போகுது. பெல்லு அடிச்சுக்கிட்டே போறான், டிங் டிங் டிங். ஆளில்லாத ரோட்டுல.

"பாத்தியா சீனி, களி வேல செய்யுது. கால்ல வலு வந்துருச்சு. இனிமே சங்காவது கிங்காவது."

பின்னாடிருந்து சத்தமே இல்ல.

"என்ன, பயந்துட்டியா?"

"மெதுவாப் போங்க"னா. அம்புட்டுதான் சொன்னா.

"ம்."

திங்கக்கெழம காலைல, மச்சினன் ஏறுனான். குருவையா கால்ல புது வலுவோட ஒரு மிதி மிதிச்சான்.

ஹுப்...

அவனுக்கு ஒண்ணும் புரியல. நேத்துப் பறந்த வண்டி. அதே காத்து, அதே செயினு, அதே காலு. நேத்து ஏறுனவ இவன விட ஒன்றரை ஆளு இருப்பா. மிதிக்கிறான், வேர்வை ஊத்துது. பவுன்ராசு ஏதோ கதை சொல்லிக்கிட்டு வாறான். குருவையா அன்னைக்குத்தான் மொத தடவையா மச்சினன் பேச்சக் கேக்காம வண்டிச் சத்தத்தக் கேட்டான். கேட்டா, பேச்சுக்கு அடியில ஒரு சத்தம். 'ஸ்ஸ்ஸ்ஸ்'. சன்னமா. அரிசி கொட்டுற மாதிரி.

இன்னைக்கு விட்டா மூணு. எந்திரிச்சு நின்னு மிதிச்சான். நெஞ்சு வெடிக்கிற மாதிரி மிதிச்சான். கேட்டு வந்துச்சு, மச்சினன் குதிச்சான், இவன் ஸ்டாண்டுக்குப் பறந்தான். வண்டிய வரிசையில சொருக எடமில்ல. பின்சக்கரத்த ரிம்மோட புடிச்சுத் தூக்குனான்.

'சுர்ர்'.

கைய ஒதறுனான். ரிம்மு தோசக்கல்லு மாதிரி சுடுது. முன்சக்கரத்தத் தொட்டான். ஜில்லுனு இருக்கு.

அப்படியே போட்டுட்டு ஓடுனான். டோக்கன மாட்டுறதும் சங்கு ஊதுறதும் ஒண்ணாப் போச்சு. மேஸ்திரி அவனையும் பலகையையும் மாறி மாறிப் பாத்துட்டு, "போ"ன்னாரு. சொவத்தோரமா பவுன்ராசு நின்னான். அவன் மூஞ்சியில சந்தோஷம் இல்ல.

அன்னைக்கு முழுக்க நூல ஒட்டிக்கிட்டே யோசிச்சான். பின் ரிம்மு மட்டும் சுடுதுன்னா, பின் பிரேக் கட்டை ஒரசியிருக்கு. பிரேக்க நான் புடிக்கல. பின்ன யாரு புடிச்சா? அந்த மாதிரி சைக்கிள்ல பின் பிரேக்குக் கம்பி, பெடலுக்குக் கீழேருந்து பின்சக்கரத்துக்கு நீளமாப் போகும். கேரியர்ல ஒருபக்கமா ஒக்காந்தவன் செருப்புக் கால அது மேல வச்சு லேசா அழுத்துனாப் போதும். கட்டை போயி ரிம்மத் தொடும். மிதிக்கிறவனுக்குத் தெரியாது. சீக்கிரம் கெளம்புனா நல்லா அழுத்தலாம். லேட்டானா லேசா அழுத்தலாம். சாயங்காலம் அழுத்த வேண்டிய அவசியமே இல்ல.

"அவனா?"

ம்.

"வேணும்னேவா?"

குருவையாவும் தனக்குள்ள அதத்தான் கேட்டுக்கிட்டான். தெரியாம வச்சிருப்பான், சின்னப்பய, காலு வைக்க எடமில்லாம வச்சிருப்பான்னு நெனச்சான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தான். வாசல்ல மச்சினன் செருப்பு கெடந்துச்சு. எடுத்துத் திருப்பிப் பாத்தான். எடது செருப்பு அடியில, குறுக்க ஒரு கோடு. கம்பி தடிமனுக்கு வாய்க்கா மாதிரி தேஞ்சு கெடக்கு. ஒரே எடத்துல. ஒரு நாளு ரெண்டு நாளுல விழுற கோடு இல்ல. வலது செருப்பு சுத்தமா இருந்துச்சு.

பவுன்ராசு கொல்லையில குளிச்சுக்கிட்டிருந்தான். பாட்டுச் சத்தம் கேட்டுச்சு. சீனியம்மா அடுப்புக்கு முன்னால அரிசி களஞ்சுக்கிட்டிருந்தா. குருவையா செருப்பக் கையில எடுத்துக்கிட்டுப் போயி நின்னான். வீட்டுக்குள்ள செருப்பக் கொண்டாந்தா வைவா. அன்னைக்கு வையல.

"சீனி, இந்தக் கோட்டப் பாரு."

பாத்தா. திரும்பவும் அரிசியக் களஞ்சா. சலக்... சலக்...

"இது பிரேக்குக் கம்பி."

சலக்... சலக்...

அப்போதான் அவனுக்கு உறச்சுச்சு. அவ 'என்ன கோடு'ன்னு கேக்கல.

"எப்பருந்து தெரியும்?"

அவ தண்ணிய வடிச்சா. "மொத தடவ லேட்டானீங்கள்ல, அன்னைக்கு அவன் மூஞ்சியப் பாத்தேன். கேட்டேன். சொன்னான்."

"வெளக்குப் புடிச்சியே."

"புடிக்கச் சொன்னீங்க. புடிச்சேன்."

"ஒவ்வொரு குண்டா எடுத்துத் தொடச்சேன். பக்கத்துல இருந்து பாத்தியே."

அவ அரிசிய ஒலையில போட்டா.

"வயசாயிருச்சுன்னு சொன்ன. அந்தக் களியும் அதுக்குத்தானா?"

"களி நெசந்தான்." அப்போதான் நிமுந்தா. "நீங்க எளச்சுத்தான் போயிட்டீங்க."

குருவையா செருப்பக் கீழ வச்சான்.

சீனியம்மா சொன்னா. கொரல ஒசத்தாம, ஒலைய மூடிக்கிட்டே சொன்னா. "எங்கம்மா சாகும்போது அவன் கையத்தான் எங்கையில குடுத்துட்டுப் போச்சு. அவன் எங்கயும் நிலைக்கல, உங்களுக்கே தெரியும். இந்த மிஷினு ஒண்ணுலதான் நின்னுருக்கான். இது போச்சுன்னா அவன் கெட்டுப்போயிருவான். நீங்க அப்பிடி இல்ல. தொழில் தெரிஞ்சவரு. எங்க போனாலும் நாலு பேரு கூப்புடுவாங்க. நீங்க எப்பிடியும் பொழச்சுக்குவீங்க."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

"கேட்டா குடுத்துருப்பீங்களா?"

அவன் யோசிச்சுப் பாத்தான். கொல்லையிலருந்து பவுன்ராசு, "அக்கா, துண்டு"ன்னான். சீனியம்மா எந்திரிச்சுக் கொடியிலருந்து துண்ட எடுத்துக்கிட்டுப் போனா.

அன்னைக்கு மூணு பேரும் ஒண்ணா ஒக்காந்துதான் சாப்பிட்டாங்க. பவுன்ராசு பேசிக்கிட்டே சாப்பிட்டான். சீனியம்மா ஒரு முட்டைய எடுத்துக் குருவையா தட்டுல வச்சா. அவன் அத எடுத்து மச்சினன் தட்டுல வச்சான். "எனக்கெதுக்கு அத்தான்"னு சொல்லிக்கிட்டே அவன் தின்னுட்டான்.

தேனு?

"...ம்."

கண்ணு சொருகுது பாரு. கொஞ்சந்தான் இருக்கு.

காலைல மொத சங்கு ஊதுச்சு. குருவையா வண்டிய எடுத்தான். பவுன்ராசு பின்னாடி ஏறுனான், ஒருபக்கமா. தெரு தாண்டுனதும் வண்டி பாரமாச்சு. குருவையா எந்திரிச்சு நிக்கல. வழக்கமா மிதிக்கிற மாதிரி மிதிச்சான். ஹுப்... ஹுப்... ஹுப்... 

"என்ன அத்தான், இன்னைக்குப் பேச்சே காணோம்?"

"கேட்டுக்கிட்டுத்தான வாறேன். நீ சொல்லு."

அவன் சொன்னான். ஏதோ ஓட்டல் மொதலாளி கதை. சிரிப்புக் கதைதான். குருவையா கடைசி வரைக்கும் கேட்டான். கேட்டு வந்துச்சு, சங்குக்குக் கொஞ்சம் முன்ன. பவுன்ராசு 'டொப்'னு குதிச்சு உள்ள போயி வரிசையில மொத ஆளா நின்னான். 

தேனு... தேனு... 

சத்தத்தக் காணோம். சரி. சங்கு அடங்கிருச்சு, கதவு சாத்தியாச்சு, சொன்னது போதும், நீ தூங்கு.

குருவையா வண்டிய ஸ்டாண்டுக்குக் கொண்டுபோகல. கேட்டு முன்னாலயே திருப்பி, வீட்டுக்குப் பிரியிற தெருவுலயும் திரும்பாம, மெயின் ரோட்டுல நேராப் போயிட்டான்.